சொந்தப் படகில் தீவுப் பயணம், கூடவே விருந்தினர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெப்பமண்டலத் தீவுகளிடையே சொந்தப் படகில் வாழ்கிறவர்களைப் பார்க்க நண்பர்களும் உறவினர்களும் விமானம் ஏறி வருவார்கள், ஒன்றிரண்டு வாரம் தங்குவார்கள். வரவழைக்கிறவர்களும் வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. பெரும்பாலும் படகுக்காரரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். வருகிறவர்களும் ஒருமுறை படித்துவிட்டு வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

விருந்தினர் டிக்கெட் எடுக்கும் முன் எதைப் பேசி முடிக்க வேண்டும்?

கடலோடிகள் காலங்காலமாகச் சொல்லிவரும் ஒரு விதி உண்டு: விருந்தினர் தேதியைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம்; இரண்டையும் சேர்த்துக் கேட்கக் கூடாது. இதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அப்புறம் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். விருந்தினர் பயணத்தில் பெரிய ஆபத்து தேதிதான் என்பது என் உறுதியான எண்ணம். தனியாக இருக்கும்போது காற்று தணியும் வரை இரண்டு நாள் காத்திருக்கும் அதே கேப்டன், சனிக்கிழமை காலை விமானம் இருக்கிறது என்றால் வெள்ளிக்கிழமை எந்தக் காற்றிலும் கிளம்பிவிடுவார். பழக்கமில்லாத ஆட்கள் படகில் இருக்கும் அன்றைக்குத்தான் இப்படி நடக்கிறது.

ஆகவே முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இந்தத் தேதியில் வா, நாங்கள் எந்தத் தீவில் இருக்கிறோம் என்பதை மூன்று வாரம் முன்னால் சொல்கிறோம். அல்லது, இந்தத் தீவுக்கு வா, ஆனால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட் எடு. இரண்டும் முடியாது என்றால், ஒரே விமான நிலையத்தில் வந்து அங்கிருந்தே திரும்பும்படி வைத்து, அதைச் சுற்றியுள்ள சின்ன வட்டத்துக்குள் பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு இரவும் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே நங்கூரமிட்டிருக்க வேண்டும். இந்த ஒரு ஏற்பாடே பாதிக் கவலையைத் தீர்த்துவிடும்.

எந்த மாதத்தில் வரச் சொல்வது?

கரீபியனில் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் படகே அந்தப் பகுதியில் இருக்கக் கூடாது என்று பல காப்பீட்டு ஒப்பந்தங்கள் சொல்கின்றன. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம் என்றாலும், டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் வியாபாரக் காற்று பலமாக வீசும். அங்கே அதைக் கிறிஸ்துமஸ் காற்று என்றே சொல்கிறார்கள். 25 நாட் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர் வேகம், நாள்கணக்கில் அடிக்கலாம். விடுமுறை என்பதால் எல்லோரும் வர விரும்புவதும் அப்போதுதான். முதல்முறை வருகிறவர்களை மார்ச், ஏப்ரலுக்குத் தள்ளுங்கள்.

தென் பசிபிக்கில் இது தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் பருவம், மே முதல் அக்டோபர் வரை பயணக் காலம். அந்தமான் கடலில், அதாவது தாய்லாந்தின் மேற்குக் கரை, லங்காவி பக்கம், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, கடலும் அமைதி.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

சாதாரணப் பாய்மரப் படகு 5 அல்லது 6 நாட் வேகத்தில் போகும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். வரைபடத்தில் விரல் அகலம் இருக்கும் 20 கடல் மைல் என்பது கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். விருந்தினருக்கு அதுதான் எல்லை. ஒரு நாள் பயணம், மறுநாள் முழுக்க அதே விரிகுடா. இப்படிப் போனால் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். வந்து இறங்கிய அன்று கிளம்பவே வேண்டாம். விமானக் களைப்பு, வெயில், புது ஆட்டம் மூன்றும் சேர்ந்தால் திடமான ஆளும் படுத்துவிடுவார்.

இடத்தைப் பொறுத்தும் இது மாறும். பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாயின் இருபுறமும் தீவுகள் இருப்பதால் பெருங்கடல் அலை பெரிதாக உள்ளே வருவதில்லை. அடுத்த தீவு கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். பஹாமாஸின் எக்சூமா தீவுக் கோவையில் மேற்குப் பக்கம் ஆழமற்ற திட்டு, அங்கேயும் அலை குறைவு. விருந்தினரோடு போக இரண்டும் அருமையான இடங்கள். பிரெஞ்சு பாலினேசியாவின் துவாமோத்து பவளத்தீவுகள் வேறு ரகம். தீவுக்குத் தீவு இரவுப் பயணம் தேவைப்படும். வளையமான பவளத்தீவின் நடுவே இருக்கும் கடல் ஏரிக்குள் நுழையும் வாய்களில் நீரோட்டம் ஆறு போல ஓடும், அது தணியும் நேரம் பார்த்துத்தான் நுழைய வேண்டும். தேதி குறித்துக்கொண்டு வருகிறவரை அங்கே கூப்பிடாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

இன்னொன்று, காற்றின் திசை. காற்றை எதிர்த்துப் போகும் பயணத்தில் படகு சாய்ந்து, குத்தி, நனைத்து எல்லோரையும் சோர்வாக்கும். அந்தப் பாட்டை விருந்தினர் வரும் முன் நீங்களே பட்டுவிடுங்கள். அவர்களைக் காற்று வரும் பக்கத்துத் தீவில் ஏற்றி, காற்று போகும் பக்கத்தில் இறக்கிவிட முடிந்தால் அது நல்ல விருந்தோம்பல். கிரெனடீன்ஸ் தீவுக் கோவை இதற்குத் தோதானது: செயின்ட் வின்சென்டில் ஏறி, டோபாகோ கேஸ் என்ற குட்டித் தீவுகளில் ஆமைகளைப் பார்த்துவிட்டு, தெற்கே கிரெனடாவில் இறங்கலாம். நடுவில் ஒரு நாட்டின் எல்லை இருக்கிறது, அதற்கான பதிவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

என்ன கொண்டுவரச் சொல்வது, என்ன வேண்டாம் என்பது?

சக்கரம் வைத்த கெட்டி சூட்கேஸ் வேண்டாம். படகில் அதை வைக்க இடமே கிடையாது. துணிப் பையைக் காலி செய்து சுருட்டிவிடலாம். உடுப்பு அவர்கள் நினைப்பதில் பாதி போதும். நீளக் கை வைத்த மெல்லிய சட்டை, கயிறு கட்டிய தொப்பி, போலராய்டு கண்ணாடி, தலையில் மாட்டும் விளக்கு, தினமும் சாப்பிடும் மருந்து இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக, அதற்கான மருத்துவர் சீட்டு. இவ்வளவுதான் அவசியம்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது பொருள் பட்டியலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிபென்சோன் போன்ற ரசாயனங்கள் பவளத்துக்குக் கேடு என்று பலாவு நாடு 2020 முதலும், ஹவாய் மாநிலம் 2021 முதலும் அவற்றைக் கொண்ட சன்ஸ்கிரீன் விற்பனையைத் தடை செய்திருக்கின்றன. துத்தநாக ஆக்சைடு கலந்தது நல்லது. ராணுவப் புள்ளி போட்ட உடுப்பு எதுவும் வேண்டாம். பார்படோஸ், செயின்ட் லூசியா, கிரெனடா உட்படப் பல கரீபிய நாடுகளில் குழந்தைகள் போட்டாலும் சட்டவிரோதம்.

போதைப்பொருள் பற்றிக் கூச்சப்படாமல் நேராகப் பேசிவிடுங்கள். விருந்தினர் பையில் கொஞ்சம் இருந்தாலும் மாட்டிக்கொள்வது கேப்டன். பல நாடுகளில் படகையே பறிமுதல் செய்யச் சட்டம் இருக்கிறது. உங்கள் வீடு போய்விடும் என்பதை நெருங்கிய நண்பராக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

குடிவரவு, சுங்கம் இதெல்லாம் எப்படி?

இங்கேதான் விருந்தினர் விமான நிலையத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள். ஒரு நாட்டுக்கு விமானத்தில் வந்து படகில் வெளியேறப் போகிறவரிடம் திரும்பும் டிக்கெட் இருக்காது. விமான நிறுவனம் ஏற்றவே மறுக்கலாம். படகின் பெயர், பதிவு எண், படகு இப்போது இருக்கும் துறைமுகம், வருகிறவரின் பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியில் எப்படி நாட்டை விட்டுப் போவார் என்பதெல்லாம் எழுதி, கேப்டன் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றும், படகுப் பதிவுச் சான்றின் நகலும் முன்கூட்டியே அனுப்புங்கள். சில நாடுகளில் அது மட்டும் போதாது, குடிவரவு அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வந்ததும் அவர் பெயரைப் படகின் ஆள் பட்டியலில் சேர்க்க வேண்டும். இறங்கும்போது நீக்க வேண்டும். புது நாட்டுக்குள் நுழைந்தால் மஞ்சள் கொடி ஏற்றி, கேப்டன் மட்டும் கரைக்குப் போய்ப் பதிவு முடித்து வரும் வரை மற்றவர்கள் படகிலேயே இருக்க வேண்டும். கரை பக்கத்தில்தானே என்று விருந்தினர் நீந்திப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவைப் பகிர்ந்துகொள்ளலாமா?

சாப்பாட்டுச் செலவைப் பகிர்வது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தங்குவதற்கு, பயணத்துக்கு என்று காசு வாங்கினால் பல நாடுகள் அதை வாடகைப் படகுத் தொழிலாகப் பார்க்கும். உரிமம் இல்லாமல் செய்தால் அபராதம், காப்பீடும் செல்லாது. அந்த நாட்டு விதியையும் உங்கள் காப்பீட்டுத் தாளையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குமட்டல், வாந்தி வருமே?

வரலாம். பலருக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். மாத்திரையை வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கிளம்பும் முன், முடிந்தால் முந்தின இரவே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால் ஒட்டினால் மூன்று நாள் வரை வேலை செய்யும். ஆனால் அது மருத்துவர் சொல்லி வாங்க வேண்டியது. கண் அழுத்த நோய் இருப்பவர்கள் தொடவே கூடாது. வயதானவர்களுக்குக் குழப்பமும் தடுமாற்றமும் வரலாம். எந்த மருந்தானாலும் வீட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

படகு போகும்போது கீழே கேபினுக்குள் இறங்க வேண்டாம், போனைப் பார்க்க வேண்டாம், தொடுவானத்தைப் பார்த்தபடி பின்பக்கம் உட்காரலாம். சுக்கானைக் கையில் கொடுத்தால் பலருக்கு உடனே தெளிந்துவிடுகிறது. அடுத்த அசைவு என்ன என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிவதுதான் காரணம். வாந்தி வந்தால் ஒரு வாளி கொடுங்கள். படகு விளிம்பில் தொங்கி வாந்தி எடுப்பது மிகவும் ஆபத்து, அந்த நிலையில்தான் ஆட்கள் கடலில் விழுகிறார்கள்.

தண்ணீரும் மின்சாரமும் எப்படிப் புரியவைப்பது?

எண்ணாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். வீட்டு ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் போகும். ஐந்து நிமிடக் குளியல் 40 லிட்டருக்கு மேல். உங்கள் தொட்டி 400 லிட்டர் என்றால், நான்கு பேர் இரண்டரை நாள் குளித்தாலே தீர்ந்துவிடும். கடலில் குதித்துக் குளித்துவிட்டு, உப்புப் போக இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்வது படகு முறை. கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தாலும் கலங்கிய துறைமுகத் தண்ணீரில் அதை ஓட்டக் கூடாது. அதனால் இருக்கிற நாளிலும் அளவு அளவுதான்.

மின்சாரமும் அப்படியே. 1500 வாட் முடி உலர்த்தியை இன்வர்ட்டரில் போட்டால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். போன் சார்ஜ் செய்வதெல்லாம் பகலில், சூரிய மின்தகடு வேலை செய்யும்போது.

கழிவறை பற்றி முதல் நாளே வெட்கமில்லாமல் செய்து காட்டுங்கள். சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர வேறு எதையும் உள்ளே போடக் கூடாது, காகிதம் கூடையில். பம்பை எத்தனை முறை அடிக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் அதைப் பிரித்துச் சுத்தம் செய்யப் போவது நீங்கள்தான்.

பாதுகாப்பு பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்? பயந்துவிட மாட்டார்களா?

சொன்னால் பயப்பட மாட்டார்கள், என்ன செய்வது என்று தெரியாதபோதுதான் பயம். கிளம்பும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நீங்களே கடலில் விழுந்துவிட்டால், அல்லது மயங்கிவிட்டால், மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் அந்த ஒரு மணி நேரத்தின் கேள்வி. ரேடியோவில் 16ஆம் சேனலில் உயிராபத்து என்பதற்கான அழைப்பான மேடே என்ற சொல்லை மூன்று முறை சொல்லி, படகின் பெயரும் இருக்கும் இடமும் சொல்ல வேண்டும். இடம் எந்தத் திரையில் தெரியும் என்று காட்டுங்கள். எஞ்சினைப் போடவும் நிறுத்தவும், பாயைத் தளர்த்தவும் அவர்கள் கையாலேயே செய்யட்டும்.

ஒருவர் தண்ணீரில் விழுந்தால்: கத்து, மிதவையை எறி, ஒரே ஒருவர் மட்டும் வேறு வேலையே செய்யாமல் விழுந்தவரை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே இருக்கட்டும். அலைக்கு நடுவே ஒரு தலை கண்ணிலிருந்து மறைய நொடிகள் போதும்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்த் தேங்கும்; அதனால் வேலை முடிந்ததும் சிலிண்டரிலேயே மூட வேண்டும். கரைக்குப் போய்வரும் டிங்கியில் எஞ்சின் நிறுத்தும் கயிறு ஓட்டுகிறவர் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். இரவில் டிங்கியில் விளக்கு வேண்டும். தடிக் கம்பு, அதாவது பெரிய பாயின் அடியில் கிடையாக இருப்பது, ஆடும் வட்டத்தில் யாரும் நிற்கக் கூடாது. வெறுங்காலோடு மேல்தளத்தில் நடந்தால் கால்விரல் உடையும். நடக்கும்போது ஒரு கை உனக்கு, ஒரு கை படகுக்கு.

குழந்தைகள் வரலாமா?

தாராளமாக. ஓரக் கம்பிகளில் வலை கட்டுங்கள், மேல்தளத்தில் எப்போதும் லைஃப் ஜாக்கெட், அவர்களுக்குப் பொருந்துவது. பெற்றோர் இரண்டு பேரில் இந்த நேரத்தில் யார் பார்த்துக்கொள்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளட்டும்.

நங்கூரமிடும்போது விருந்தினர் உதவ முடியுமா?

முடியும், விருப்பமாகவும் செய்வார்கள். பவளப்பாறைகளுக்கு நடுவே நுழைவதற்குச் சூரியன் உயரத்தில், முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். காலை 10 மணிக்கும் மாலை 3 மணிக்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலராய்டு கண்ணாடி போட்ட ஒருவரை முன்பக்கம் நிறுத்தினால் தண்ணீரின் நிறத்தைப் படித்துச் சொல்லலாம். அடர்நீலம் ஆழம், வெளிர்பச்சை மணல், பழுப்பு என்றால் பாறை அல்லது பவளம். எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்காது, கையால் காட்டப் பழக்குங்கள்.

நங்கூரம் மணலில் மட்டும் விழ வேண்டும். பவளத்தின் மேல் சங்கிலி இழுபட்டால் பல பத்தாண்டுகள் வளர்ந்தது ஒரே இரவில் நொறுங்கும். படகு கட்டுவதற்கென்றே மிதவை போட்டிருந்தால் கட்டணம் கொடுத்து அதில் கட்டிக்கொள்ளுங்கள். சங்கிலி நீளத்துக்குக் கணக்கு எளிது: ஆழம் 5 மீட்டர், தண்ணீரிலிருந்து படகு முனை 1 மீட்டர் உயரம், கூட்டினால் 6. அதைப் போல ஐந்து மடங்கு, 30 மீட்டர் விடுங்கள். காற்று கூடும் என்றால் ஏழு மடங்கு. அப்புறம் நீந்திப் போய் நங்கூரம் புதைந்திருக்கிறதா என்று பார்ப்பது, வந்தவர்களில் நன்றாக நீந்துகிறவருக்குப் பிடித்த வேலையாகிவிடும்.

மீன் பிடித்துச் சாப்பிடலாமா?

ஆழ்கடலில் தூண்டில் இழுத்துப் பிடிக்கும் சூரை நல்லது. பவளப்பாறைப் பெருமீன்களில், சீலா, பெரிய களவா, அஞ்சாலை போன்றவற்றில், சிகுவாடெரா நஞ்சு இருக்கலாம். பவளத்தில் வளரும் ஒரு நுண்பாசி அதை உண்டாக்குகிறது; சின்ன மீன் அதை மேய, பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்ன நஞ்சு சேர்ந்துகொண்டே போகும். நிறம், மணம், சுவை எதிலும் தெரியாது. வேகவைத்தாலும் உறைய வைத்தாலும் போகாது. குளிர்ந்த பொருளைத் தொட்டால் சுடுவதுபோல இருப்பது இதன் அடையாளம். உள்ளூர் மீனவரிடம் இந்தப் பாறையில் பிடித்த இந்த மீனை நீங்கள் சாப்பிடுவீர்களா என்று கேளுங்கள், அவர் சாப்பிடாததை நீங்களும் சாப்பிட வேண்டாம். பிடிக்கும் விதத்துக்கும் சட்டம் உண்டு. பஹாமாஸில் விசை வைத்த ஈட்டித் துப்பாக்கி கூடாது. அங்கேயே 1958இல் ஏற்படுத்தப்பட்ட எக்சூமா கடற்பூங்காவுக்குள் மீன்பிடிக்கவும் சிப்பி எடுக்கவும் அனுமதியே இல்லை.

சின்னத் தீவுகளில் ஊருக்குள் போகும்போது?

ஊர் வழக்கத்தை முன்னாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிஜியின் வெளித்தீவுகளில் ஊருக்கு எதிரே நங்கூரமிட்டால், முதலில் யங்கோனா, அதாவது காவா பானம் செய்யும் செடியின், வேர்க்கட்டோடு ஊர்த் தலைவரைப் பார்த்து அனுமதி கேட்க வேண்டும். அந்த விரிகுடாவின் பாறையிலும் மீனிலும் அந்த ஊருக்கு வழிவழி உரிமை உண்டு என்பதால் அது வெறும் சடங்கு இல்லை. ஊருக்குள் தொப்பியைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். கடற்கரை உடையிலேயே விருந்தினர் இறங்கிவிடாமல் படகிலேயே சொல்லிவிடுங்கள்.

நாள் ஆக ஆக எரிச்சல் வருகிறதே?

சின்ன இடம், சத்தம் மறையாது, வெயில் வேறு. இது யாருடைய குணக்கேடும் இல்லை. தினமும் மதியம் இரண்டு மணி நேரம் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விருந்தினர் ஒருநாள் சமைக்கட்டும், பாத்திரம் கழுவட்டும். வேலை இல்லாத விருந்தினர் சங்கடப்படுகிறார், எல்லா வேலையும் செய்யும் படகுக்காரர் ஐந்தாம் நாள் முகம் சுளிக்கிறார். பத்து நாள் தாராளம். அடுத்த விருந்தினர் வரும் முன் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். துணி துவைக்க, பழுது பார்க்க, சும்மா இருக்க அது வேண்டும்.

காற்று பலமாகி நாலு நாள் ஒரே விரிகுடாவில் மாட்டிக்கொண்டால்?

இருந்துவிடுங்கள். டிங்கி ஓட்ட, முடிச்சுப் போட, சுவாசக் குழாயோடு நீந்தக் கற்றுக்கொடுங்கள். தீவைக் குறுக்கே நடந்து மறுகரையைப் பாருங்கள். ஒரே பாறையை நாலு நாள் பார்க்கிறவருக்கு, எந்த மீன் எந்தப் பொந்தில் இருக்கிறது என்பதே தெரிந்துவிடும். நாளுக்கொரு தீவு பார்த்தவருக்கு அது கிடைப்பதில்லை. விமானம் நெருங்கிவிட்டால், படகை அங்கேயே விட்டு அவர்களை மட்டும் பயணிகள் கப்பலிலோ உள்ளூர் விமானத்திலோ அனுப்பிவிடுங்கள். அந்தக் கூடுதல் செலவு வரலாம் என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

கிளம்பும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

சிலிண்டர் கட்டி ஆழ்முக்குளிப்பு செய்திருந்தால், பல நாள் முக்குளித்தவர் கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும். நான் ஒரு முழு நாள் விடச் சொல்வேன். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழியாகி உயிருக்கே ஆபத்தாகலாம். வெறும் சுவாசக் குழாயோடு மேலாக நீந்தியவருக்கு இந்தத் தடை இல்லை. ஆள் பட்டியலில் பெயரை நீக்க, குடிவரவு அலுவலகம் முந்தின நாளே திறந்திருக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வார இறுதியில் கூடுதல் கட்டணம் கேட்கலாம். சங்கு, பவளத் துண்டு எதையும் பையில் எடுத்துப் போக வேண்டாம். ராணிச் சங்கும் பவளமும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை, சுங்கத்தில் பிடிபடும். டிங்கியில் கரைக்குப் போகும்போது பாஸ்போர்ட்டும் போனும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.